வாசலுக்கு வந்த மன்னிப்பு

நம் கரையோர ஊர்களில் அண்மைக் காலமாக ஓர் இனம் பெருகி வருகிறது. கடலில் கீரி மீன் குறைந்துவிட்டது, வயல் வட்டையில் கொக்குக் குறைந்துவிட்டது என்று கவலைப்படுகிறவர்கள் இந்த இனத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கல்முனையிலிருந்து பாலமுனை வரைக்கும் வளவுக்கு ஒருவராவது கொழுக்கு மொழுக்கென்று இருக்கிறார்கள். வசதிக்காக இவர்களுக்கு 'வரவழைப்பார்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். வரவழைப்பார் எங்கும் போக மாட்டார். எல்லாம் அவரிடம் வரும்.

கண்டுபிடிப்பது எளிது. தலை எப்போதும் குனிந்தே இருக்கும். அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டு ஏமாந்துவிடாதீர்கள், மடியில் போன் இருக்கிறது. கொழும்பிலிருந்து புறப்பட்ட லொறி மஹியங்கனை தாண்டிவிட்டதா, அம்பாறைக்கு வந்துவிட்டதா, வந்ததென்றால் ஏன் இன்னும் அங்கேயே நிற்கிறது, சாரதி சாப்பிடுகிறானா, சாப்பிடுகிறவன் இவ்வளவு நேரமா சாப்பிடுவான் என்று ஒரு மனிதர் கதிரையில் சாய்ந்தபடியே நாட்டின் அரைவாசியை மேற்பார்வை செய்துகொண்டிருந்தால் அவர்தான். அவருக்கென்று ஒரு வாசகம் உண்டு. சலாம் சொன்னால் பதில் சொல்லிவிட்டு அடுத்ததாக அதைத்தான் சொல்வார்.

"எங்க வருது?"

உங்களைக் கேட்கவில்லை. போனைக் கேட்கிறார்.

இந்த இனத்தின் தேர்ந்த மாதிரியைக் காட்டச் சொன்னால், சாய்ந்தமருதில் அப்துல் ஸமட் சேரைக் காட்டலாம். உயர்தர வகுப்புக்கு வணிகக் கல்வி படிப்பிக்கிறவர். 'வாடிக்கையாளரே மன்னர்' என்று கரும்பலகையில் எழுதி, அடிக்கோடிட்டு, அந்தக் கோட்டின் கீழே இன்னுமொரு கோடு இழுப்பவர். தொழிலாளர் நலன் என்ற பாடத்தையும் குறையாகச் சொல்லக்கூடாது, நன்றாகவே படிப்பிப்பார். காற்றோட்டம், இருக்கை, ஓய்வு என்று மூன்றையும் பிள்ளைகள் மனப்பாடம் செய்து, பரீட்சையில் கொட்டி, திறமைச் சித்தி எடுப்பார்கள். பாடம் அத்துடன் முடிந்துவிடும். மணி அடிக்கும்.

நம் பக்கத்தில் கலியாணம் என்றால் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்குப் போய்க் குடியேறுவார். ஸமட் சேரும் அப்படித்தான் ஒரு நாள் பட்டுத் தொப்பியும் பூமாலையுமாக முனவ்வறாவின் சீதன வீட்டு வாசலில் வந்து இறங்கினார். தன் வாழ்நாளில் அவர் இன்னொருவர் வாசலுக்குத் தானாகப் போனது அந்த ஒரு தடவைதான் என்று முனவ்வறா சொல்வதுண்டு. திருப்பி அனுப்பும் வசதி அந்தக் காலத்தில் இருக்கவில்லை என்றும் சொல்வதுண்டு.

சேர் என்னென்ன வரவழைத்தார் என்று சொல்லப் புகுந்தால் பொழுது போதாது. வாசல் கூட்டத் தும்புத்தடி வரவழைத்தார், அவர் வீட்டு மதிலோடு ஒட்டிய கடையில் தும்புத்தடிகள் வாசலை மறித்து நின்றன. தேங்காய் திருவலை வரவழைத்தார். நகவெட்டி வரவழைத்தார், அது நகவெட்டியை விடப் பன்மடங்கு பெரிய பெட்டியில், காற்றடைத்த பைகள் சூழ, மாப்பிள்ளை போல வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, போன நோன்புப் பெருநாளைக்கு உடுக்க ஒரு சாரம் வரவழைத்தார். அது மருதமுனைச் சாரம். மருதமுனையில் நெய்து, மடித்து, லொறியில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பி, அங்கே ஒரு களஞ்சியத்தில் அடுக்கி வைத்து, சேர் விரலால் ஒரு தட்டுத் தட்டியதும் எடுத்து, சுற்றி, பெயர் ஒட்டி, மலை ஏற்றி, மலை இறக்கி, சாய்ந்தமருதுக்குக் கொண்டு வந்தார்கள். மருதமுனைக்கு பஸ் ஏறிப் போயிருந்தால், சேர் ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறுவதற்குள் சாரத்தோடு திரும்பியிருக்கலாம்.

"போயிருக்கலாமே சேர்" என்று பக்கத்து வீட்டு ஸஹீத் ஒருமுறை கேட்டுப் பார்த்தார்.

"போறதெண்டா ஆர் போற? நான்தானே போகணும்" என்றார் சேர். பிழையில்லாத பதில்.

அந்தச் சாரம் ஒரு நாள் சுணங்கி வந்தது. பெருநாளைக்கு இன்னும் நாள் கிடந்தது. ஆனாலும் சொன்ன நாள் சொன்ன நாள்தானே? அன்று மாலை சேர் பள்ளியில் வாங்கு சொன்னதும் ஈத்தம்பழம் கடித்து நோன்பு திறந்து, பள்ளிக் கஞ்சியைக் குடித்து, சமோசாவில் கை வைத்து, மஃரிபைத் தொழுது, கதிரையில் சாய்ந்து, போனில் கொம்பனிக்கு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டார். நட்சத்திரத்தின் கீழே நல்ல தமிழில் ஒரு பந்தியும் எழுதினார். 'பொறுப்பற்ற ஊழியர்கள்' என்று தொடங்கி 'உரியவர் மீது உரிய நடவடிக்கை' என்று முடிந்த அந்தப் பந்தியை அவரே இரண்டு தடவை வாசித்துப் பார்த்தார். எழுத்துப் பிழை கிடையாது. திருப்தியாகத் தராவீஹ் தொழுகைக்குப் போனார்.

அத்தோடு அதை மறந்தும் போனார். மறப்பதற்கென்றே செய்யப்பட்ட வசதி அது.

சில மாதம் கழித்து சேருக்கும் முனவ்வறாவுக்கும் மக்காவுக்கு உம்றாப் பயணம் வாய்த்தது. உம்றாவுக்கோ ஹஜ்ஜுக்கோ போகிறவர்கள் பயணம் சொல்லுவது நம் வழக்கம். சொந்தம், அயல், சண்டை பிடித்த ஆள், வாய்க்கால் தண்ணிக்கு மல்லுக்கு நின்ற ஆள் என்று வீடு வீடாகப் போய், 'அறிஞ்சும் அறியாமலும் ஏதும் பிழை விட்டிருந்தா பொருந்திக்கங்க' என்று கேட்க வேண்டும். அல்லாஹ் தனக்குச் செய்த பிழையைத் தானே மன்னிப்பான். மனிதனுக்குச் செய்த பிழையை அந்த மனிதன் வாய் திறந்து பொருந்தினால்தான் உண்டு. இதில் சின்னவர் பெரியவர் கிடையாது. முனவ்வறா குடையைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக நடந்தார். சேர் குரல் பதிவொன்று செய்து எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினார். கைகூப்பிய படங்கள் நிறையத் திரும்பி வந்தன. யாரோ ஒருவர் பிறந்தநாள் வாழ்த்தும் அனுப்பியிருந்தார்.

சேர் நேரில் கேட்ட ஒரே ஆள் பஸால். பார்சல் கொண்டு வருகிற பொடியன். மோட்டார் சைக்கிளின் பின்னால் தன்னை விடப் பெரிய பையைக் கட்டிக்கொண்டு, பெரிய பள்ளிக்குப் பின்னால், தண்ணித் தாங்கிக்கு முன்னால், மஞ்சள் கேட்டு வீடு என்று சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வந்துவிடுவான். அன்று உம்றாவுக்கான வாசமில்லாத சவர்க்காரமும் இடுப்புப் பட்டியும் கொண்டு வந்திருந்தான். சேர் கேட்டைப் பிடித்துக்கொண்டு, குரல் பதிவில் சொன்னதையே மறுபடி சொன்னார்.

"நான் பொருந்திக்கிட்டன் சேர்" என்றான் பஸால். தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. "என்ன, வெயில்ல நிக்க வெச்சிட்டு ரகசிய நம்பர் தேடுவீங்க. அவ்வளவுதான். ஆனா நீங்க கேக்க வேண்டிய ஆள் நான் இல்ல. ஸ்டோருக்க ஒராள் இரிந்தாங்க."

"எந்த ஸ்டோருக்க?"

"எங்கட ஸ்டோருக்கதான். நோன்புக்க உங்கட சாரம் ஒரு நாள் சுணங்கிச்சே. அண்டைக்கு வாங்கு சொல்லக்க அந்தப் பொம்பள நோன்பு தொறக்க ஒதுங்கினாங்க. தண்ணிய வாயில வெச்சிட்டு வாறத்துக்குள்ள கடைசிச் சாக்கக் கட்டி ஏத்திட்டாங்க. உங்கட பார்சல் மேசயில கிடந்து போச்சி. மறுகா உங்கட எழுத்து வந்திச்சி. நாளக்கி வர வேணாம் எண்டு சொல்லிட்டாங்க அவங்களுக்கு."

"ஆர் அது? பேர் என்ன?"

"பேர் சொல்லப்படாது சேர், கொம்பனிச் சட்டம். சொன்னனெண்டா என்னயும் நிப்பாட்டுவாங்க. புதுசா வாறவனுக்கு உங்கட மஞ்சக் கேட்டும் தெரியாது."

சேர் அதற்குமேல் பெயர் கேட்கவில்லை.

ஸ்டோர் என்று அவன் சொன்னது, காரைதீவுக்கு அங்கால் முன்பு நெல் அடுக்கிக் கிடந்த ஒரு தகரக் கட்டடம். நெல்லுக்குக் காற்றுப் போகவென்று வைத்திருந்த சாளரங்களை, பார்சல் களவு போய்விடுமென்று அடைத்துவிட்டார்கள். மின்விசிறி இருக்கிறது, போட்டால் பெயர்க் கடதாசிகள் பறக்கின்றன என்று போடுவதில்லை. கதிரை இல்லை, கதிரை இருந்தால் ஆட்கள் இருந்துவிடுகிறார்கள் என்பது கண்டறியப்பட்ட உண்மை. பாலமுனை, சொறிக்கல்முனை, திருக்கோவில் என்று பல ஊர்ப் பெண்களும் பொடியன்களும் ஆளுக்கொரு கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு பார்சல்களுக்கு ஒளி அடிக்க வேண்டும். அடிக்கிற வேகம் குறைந்தால் கருவி தானே சிவப்பாகும். மலசலகூடம் போனாலும் சிவப்புத்தான். பெருநாள் கிட்டக் கிட்ட லொறிகள் கூடும், ஆட்கள் கூடுவதில்லை. கருவி நோன்பு பிடிப்பதில்லை, அதற்கு வாங்குச் சத்தமும் கேட்பதில்லை.

இதையெல்லாம் கேட்டபோது ஸமட் சேருக்கு உண்மையாகவே உறுத்தியது. இந்த இடத்தில் அவரைக் கேலி செய்யக் கூடாது. ஒரு பெண் நோன்பு திறக்கப் போன குற்றத்துக்காக, தான் நோன்பு திறந்த கையோடு எழுதிய பந்தி அவளுடைய சோற்றில் விழுந்திருக்கிறது. இந்தச் சுமையைக் கட்டிக்கொண்டு கஃபாவின் முன்னால் போய் எப்படி நிற்பது? பகல் சாப்பாடு இறங்கவில்லை. பாரை மீன் குழம்பை அப்படியே மூடி வைத்தார். அவள் வாய் திறந்து பொருந்த வேண்டும். வேறு வழி கிடையாது. சேருக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"காரதீவுக்கு அங்கால தானே" என்றார் முனவ்வறா. "ஓட்டோவுல போய்க் கேட்டுட்டு வாங்களன். நானும் வாறன்."

"பேரும் தெரியா. ஆர்ட்டப் போய் என்னெண்டு கேக்கிற?"

"ஸ்டோர் வாசல்ல நிண்டு கேட்டாச் சொல்லுவாங்க. மனிசர்தானே இரிக்காங்க உள்ளுக்க."

"வெயில் புள்ள. பயணத்துக்கு முன்ன காய்ச்சல் கீய்ச்சல் வந்தா? இதுக்கெல்லாம் ஒரு முற இரிக்கி."

இங்கேதான் வரவழைப்பாரின் முழு மேன்மையும் வெளிப்படுகிறது. சாதாரண மனிதன் ஓட்டோ பிடித்திருப்பான். சேர் போனை எடுத்தார். கொம்பனியின் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து, பாட்டுக் கேட்டு, தமிழுக்கு இரண்டை அமுக்கி, மறுபடி பாட்டுக் கேட்டு, கடைசியில் களைத்த குரலில் ஒரு பெண்பிள்ளை பேசியதும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒரு மன்னிப்பு விசயமாக் கதைக்கணும் மகள்."

"ஓகே சேர். எந்த ஓர்டர்?"

சேர் சாரத்தின் இலக்கத்தைச் சொன்னார்.

"முறைப்பாட்டின் வகை என்ன சேர்? தாமதம், சேதம், பொருள் மாறி வந்தது, ஊழியரின் நடத்தை."

"முறைப்பாடு இல்ல. மன்னிப்பு."

"வகை சொல்லாட்டி அடுத்த பக்கம் போக ஏலாது சேர்."

சேர் யோசித்தார். தாமதம் இல்லை. சேதம் என்றால் சாரம் கிழிந்ததாகிவிடும். விஷயம் ஓர் ஊழியரைப் பற்றியதுதானே?

"அப்ப, ஊழியர் எண்டு போடுங்க."

"ஊழியரின் நடத்தை. சரி சேர். நீங்க எதிர்பார்க்கிற தீர்வு? பணம் திருப்பல், மாற்றுப் பொருள், மன்னிப்பு."

"மன்னிப்பு" என்றார் சேர், தேடித் திரிந்த சாமான் கடையில் இருந்துவிட்ட மகிழ்ச்சியோடு.

"பதிஞ்சிட்டன் சேர். கட்டாயம் நேர்ல வந்து செய்வாங்க. வைக்க முன்ன இந்த அழைப்புக்கு நட்சத்திரம் போட்டுருங்க சேர். குறஞ்சா எங்களுக்கு…"

குறைந்தால் என்னவாகும் என்று அந்தப் பிள்ளை சொல்லி முடிக்கவில்லை. சேர் நல்ல மனநிலையில் இருந்ததால் தாராளமாகவே போட்டார்.

"முடிஞ்சிது" என்று முனவ்வறாவிடம் சொன்னார்.

"என்ன முடிஞ்சிது?"

"ஓர்டர் போட்டாச்சி. நேர்லயே வருவாங்களாம்."

முனவ்வறா அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு மூடி வைத்த குழம்பைச் சூடாக்கப் போனார். சேர் சாப்பிட்டார். இம்முறை இறங்கியது. அன்றிலிருந்து காலையும் மாலையும் 'எங்க வருது?' தொடங்கியது. உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது, என்றது போன். உங்கள் கோரிக்கை உரிய கிளைக்கு அனுப்பப்பட்டது. பயணப் பெட்டிகள் கட்டியாகிவிட்டன. மன்னிப்பு மட்டும் வந்து சேரவில்லை. பயணத்துக்கு முதல் நாள் காலையில்தான் அந்தச் செய்தி வந்தது: தீர்வு இன்று உங்களை வந்தடையும். சேர் குளித்து, சட்டை மாற்றி, 'அறிஞ்சும் அறியாமலும்' என்பதை வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்து, கேட்டைத் திறந்து வைத்தார்.

கொம்பனி வேன் ஒன்று வந்து நின்றது. முன்னால் இருந்து கிளை முகாமையாளர் நிஸாம் இறங்கினார். சட்டைப் பையில் கொம்பனிச் சின்னம், கையில் போன். பின்னால் இருந்து நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இறங்கினார். கறுப்பு அபாயாவின் ஓரமெல்லாம் தூசு. இருட்டுக்குள்ளேயே இருந்து பழகியவர் போல வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினார்.

"இவங்கதான் சேர் கைருன்னிஸா. பாலமுன" என்றார் நிஸாம். "உங்கட முறைப்பாடு திரும்பவும் வந்ததால கொம்பனி நேர்ல அனுப்பிச்சி. சேர் பொருந்திக்கிட்டா முறைப்பாட்ட மூடி, இண்டைக்கே இவங்களத் திரும்ப வேலக்கி எடுக்கலாம். இல்லாட்டி அந்த எடத்துக்கு வேற ஆள எடுத்துருவம்." பிறகு போனை உயர்த்திப் பிடித்தார். "சாட்சிக்கு ஒரு வீடியோ. வேறொண்டும் இல்ல."

கைருன்னிஸா ஓரடி முன்னால் வந்தார்.

"சேர், அறிஞ்சும் அறியாமலும் என்னால உங்களுக்கு ஏதும் கரச்சல் வந்திருந்தா பொருந்திக்கங்க."

அது ஸமட் சேருடைய வசனம். சொல்லுக்குச் சொல் அவர் கட்டி வைத்திருந்த வசனம். அதை இன்னொருவர் எடுத்துச் சொல்லிவிட்டால் மிச்சமுள்ளவர் என்ன சொல்வது? 'நீங்க இல்ல, நான்தான் கேக்கணும்' என்று ஒரு பதில் இருந்தது. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் எதிரில் முகாமையாளர். முகாமையாளர் கையில் வீடியோ. தான் எழுதிய முறைப்பாட்டைத் தானே பிழை என்று ஒரு வணிகக் கல்வி ஆசிரியர் வீடியோவில் சொன்னால், நாளை அது எந்தக் குழுவில் சுற்றும்? அதோடு, அந்தப் பெண்ணின் கண் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு சொல் சொன்னால் அவளுக்கு வேலை கிடைக்கிறது. சொல்லாமல் விளக்கம் பேசிக்கொண்டு நிற்பது நியாயமா? சேர் நியாயமான மனிதர். அவள் மன்னிப்புக் கேட்கிறாள், நான் கொடுக்கிறேன். ஆக எங்கள் இருவருக்குமிடையில் ஒரு மன்னிப்பு நடந்துவிட்டது. கேட்டது யார், கொடுத்தது யார் என்பது சில்லறை விஷயம் என்று அவருடைய அறிவு, பட்டம் பெற்ற அறிவு, கண் மூடித் திறப்பதற்குள் தீர்த்து வைத்தது.

"பொருந்திக்கிட்டன்" என்றார். கொஞ்சம் பெருந்தன்மையாகவே இருந்தது குரல். "இனிமேக் கவனமா இரிங்க."

கடைசி வசனம் எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது. வாடிக்கையில் வந்துவிட்டது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் நிஸாம். போன் பைக்குள் போனது.

கைருன்னிஸா மூச்சு விட்டார். "பயணம் போறீங்களாம் சேர். எனக்கும் துஆச் செய்ங்க."

"இன்ஷா அல்லாஹ்."

முனவ்வறா வீட்டுக்குள்ளிருந்து வேகமாக வந்தார். "உள்ளுக்க வாங்க தங்கச்சி. தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

"இல்ல ராத்தா, இப்பயே வேலக்கி ஏறணும். லொறி வந்து நிக்கிதாம்."

அவர் வேனில் ஏறியபோது முனவ்வறா கேட்டுக்கு வெளியே போய், வேனின் பக்கம் நின்று கேட்டார்:

"தங்கச்சி, நீங்க எங்களப் பொருந்திக்கிட்டீங்களா?"

கைருன்னிஸா திரும்பினார். எதையோ சொன்னார். நிஸாம் கதவை இழுத்து மூடினார், வேன் உறுமியது, தூசு எழுந்தது.

முனவ்வறா ஒழுங்கையின் நடுவில் நின்றபடி, வேன் திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னா எண்டு கேட்டிச்சா?"

"ஓம் எண்டுதான் சொல்லியிருப்பா" என்றார் சேர். அவருடைய தலை குனிந்திருந்தது. தீர்வு எப்படி இருந்தது என்று கொம்பனி கேட்டிருந்தது. நான்கு நட்சத்திரம் போட்டார்.

"ஏன், அஞ்சு போட ஏலாதா?"

"பயணத்துக்கு முதல் நாள்தானே கொண்டு வந்த. சுணங்கிட்டு."

மறுநாள் இருவரும் பயணம் போனார்கள். சேர் கஃபாவின் முன்னால் நின்று அழுதார் என்று முனவ்வறா சொன்னார். நம்புகிறோம். முனவ்வறா திரும்பி வந்த வாரமே ஓட்டோ பிடித்துக் காரைதீவுக்கு அங்கால் போய் ஸ்டோர் வாசலில் நின்றாராம். வேலை நேரத்தில் ஆட்களைப் பார்க்க விடமாட்டோம் என்று காவலாளி சொல்லிவிட்டானாம். மறுபடி போவதாக இருக்கிறார்.

வரவழைப்பாரைப் பற்றிச் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். அவரைக் கண்டால் விலக வேண்டியதில்லை, ஆபத்தில்லாத இனம். கடிக்காது, சண்டைக்கு வராது, அழகாக எழுதும். நீங்கள் அப்படிப்பட்டவரில்லை என்பது எங்களுக்குத் தெரியும். நீங்கள் வெயில் என்றால் வெயிலில் நடக்கிறவர், யாரிடம் பிழை விட்டீர்களோ அவர் வாசலுக்குப் போகிறவர். ஒன்றே ஒன்றுதான் தெரிந்துகொள்ள ஆசை. இந்தப் புத்தகத்தைக் கல்முனையிலோ கொழும்பிலோ ஒரு கடைக்குப் போய், புத்தகத் தட்டில் தேடி, கையால் எடுத்து வாங்கினீர்களா? இல்லை, இது ஒரு பெட்டிக்குள் உங்கள் வீட்டுக்கு வந்ததா? வந்தபோது அட்டையின் ஒரு மூலை கொஞ்சம் மடங்கியிருந்திருக்கும். அதை யாரிடம் சொன்னீர்கள்?